சாப்பாட்டு மேசையில் படிக்காத பத்தி

ஒசாகா,
மே 28

அன்புள்ள மினோரி,

பக்கத்தில் படுத்திருப்பவரிடம் சொல்ல முடியாததை, முன்பின் தெரியாத ஒருத்தியிடம் மட்டும் மனிதர்கள் எப்படிச் சொல்லிவிடுகிறார்கள் என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியவில்லை. சுகாதார மையத்தில் அந்த மேசைக்குப் பின்னால் இத்தனை வருடம் உட்கார்ந்த பிறகும் தெரியவில்லை. அங்கே வருகிறவர்களுக்குப் பெயர் கிடையாது, ஒரு எண் மட்டும்தான். அதனால் இருக்கலாம். அதனால் இல்லாமலும் இருக்கலாம்.

மழைக்காலம் இந்த வாரம் தொடங்கிவிடும் என்கிறார்கள். உங்கள் பக்கம் அதற்குள் தூற ஆரம்பித்திருக்கும். கால் வீக்கம் குறைந்ததா? பிளம் மரங்களுக்கு அடியில் வலை விரிக்கிற வேலைக்கு இந்த வருடம் போகாதே. ஒன்பது வருடம் காத்திருந்து வந்த பிள்ளை. உன் மாமியார் ஒரு வருடம் கூடுதலாகக் குனிந்து நிமிர்ந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

என் கடிதங்களைச் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படிக்கச் சொல்லி எல்லாரும் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அப்படி என்ன சுவாரசியம் அவற்றில் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் அடுத்த பத்தியை அங்கே படிக்காதே. தனியாக இருக்கும்போது படி.

என் வேலை என்ன என்று கேட்டாயே, இதுதான். இந்த வருடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரே பயம், சிபிலிஸ். நம் சித்திர எழுத்தில் எழுதிப் பார்த்தால் அந்த நோயின் பெயரில் நம் பழம் இருக்கிறது. முதல் எழுத்து பிளம், அடுத்த எழுத்து நஞ்சு. உடலுறவில் தொற்றுவது. முதலில் வலிக்காத ஒரு புண். தானே ஆறிவிடும். பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிவப்புப் புள்ளிகள். அரிக்காது, அதுவும் தானே மறையும். மறைந்ததும் குணமாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். நோய் உள்ளேதான் இருக்கும். நான் செய்வதெல்லாம் ரத்தம் எடுக்க அனுப்புவது, ஆணுறை போடச் சொல்வது, முடிவு வந்ததும் “கூடப் படுக்கிறவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க” என்பது. எல்லாரும் தலையாட்டுகிறார்கள். எத்தனை பேர் போய்ச் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை.

இனி மேசையில் படிக்கலாம். என் பால்கனியில் ஒரு புறா கூடு கட்டப் பார்க்கிறது. கலைப்பதா, விடுவதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. அதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. ஈரத்தில் நிற்காமல் உடம்பைப் பார்த்துக்கொள்.

கயோகோ


மினாபே,
ஜூன் 14

கயோகோ அக்காவுக்கு,

மழை நிற்காமல் பெய்கிறது, துணி எதுவும் காயவில்லை, அதைத் தவிர எல்லாரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

நீ சொன்ன பத்தியை மேசையில் படிக்கவில்லை. கண்ணாலும் பார்க்கவில்லை, தாளை அப்படியே மடித்துத் தாண்டிவிட்டேன். தனியாக இருக்கும்போது படிக்கலாம் என்று தையல் பெட்டியில் வைத்தேன். அக்கா, இந்த வீட்டில் ஜூன் மாதத்தில் தனியாக இருப்பது எப்போது? பழம் விழ ஆரம்பித்துவிட்டது. விடிந்தால் வலை, இருட்டினால் உப்பு.

குனிந்து நிமிர்கிற வரியைப் படித்துவிட்டேன், வாய் தவறி. அத்தை சாப்பாட்டுக் குச்சியால் மேசையைத் தட்டினார். “நான் குனிஞ்சா அப்புறம் நிமிர மாட்டேன்னு உங்க அக்காவுக்கு எழுது. அவ லீவு போட்டுட்டு வந்து குனியட்டும். படிச்ச இடுப்பு எவ்வளவு வளையுதுன்னு பார்ப்போம்” என்றார். பிறகு என்னை வலைப்பக்கம் விடவே இல்லை. உட்கார்ந்த இடத்தில் காம்பு கிள்ளுகிற வேலைதான் எனக்கு. மத்தியானம் சோற்று உருண்டை பிடிக்கிறேன். ஒருநாள் அவசரத்தில் நடுவில் பிளம் ஊறுகாய் வைக்க மறந்துவிட்டேன். அத்தை பிட்டுப் பார்த்துவிட்டு, “பிளம் இல்லாத உருண்டைய எங்க வீட்டுல செத்தவனுக்குக்கூட வைக்க மாட்டோம்” என்று தோட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

தகுமாவுக்கு ஈறு வீக்கம். ஒசாகாவுக்குச் சரக்கு விஷயமாகப் போன இடத்தில் பல் வைத்தியரைப் பார்த்தாராம். ஒரு மாதத்துக்கு மாத்திரை. மனைவி நான் தருகிற வைட்டமினை வாரக்கணக்கில் மறக்கிற மனிதர், இதை மூன்று வேளையும் தவறாமல் விழுங்குகிறார். எனக்கு இடம் வேண்டும் என்று தன் மெத்தையை அறையின் அந்தக் கோடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். நல்ல மனசுதான். ஆனால் பிள்ளை உதைக்கும்போது கையை எடுத்து வயிற்றில் வைக்கலாம் என்றால் எட்டவில்லை.

புறாவை விட்டுவிடு அக்கா. மழையில் எங்கே போகும்?

மினோரி


ஒசாகா,
ஜூன் 24

அன்புள்ள மினோரி,

காம்பு கிள்ள உட்கார்ந்திருக்கிறாய் என்று படித்ததும் நிம்மதி. உன் மாமியாருக்கு என் இடுப்பின் வணக்கங்கள்.

எனக்கு வேலை அதிகம். மேசை ஓரத்தில் ஒரு கிண்ணத்தில் உறைகள் வைத்திருக்கிறேன், இலவசம்தான். நான் பார்த்துக்கொண்டிருந்தால் ஒருவரும் எடுப்பதில்லை. கணினித் திரையைப் பார்ப்பது போல் திரும்பிக்கொள்வேன். மாலைக்குள் கிண்ணம் காலியாகிவிடும். பட்டப்படிப்பு படித்து நான் கற்றுக்கொண்டது சரியான நேரத்தில் திரும்பிக்கொள்வதைத்தான் என்று சில நாள் தோன்றுகிறது.

நேற்று ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும், நல்ல சட்டை. “எனக்கு மாத்திரை குடுத்துட்டாங்க. பொண்டாட்டிக்கு ஒண்ணுமில்லைங்க, நல்லாத்தான் இருக்கா. எதுக்கு வீணா அவளைக் கலக்கணும்?” என்றார். ஒன்றுமில்லை என்பதை ரத்தம்தான் சொல்ல வேண்டும், நீங்கள் சொல்ல முடியாது என்றேன். தலையாட்டினார். போகும்போது குடையை மறந்துவிட்டுப் போனார். இன்னும் அது அங்கேயே இருக்கிறது. இதையும் மேசையில் படிக்காதே.

புறா இரண்டு முட்டை இட்டிருக்கிறது. முடிவு செய்யும் வேலையை அது எனக்கு மிச்சம் வைக்கவில்லை.

மழை விடும்வரை வெந்நீரே குடி.

கயோகோ


மினாபே,
ஜூலை 9

கயோகோ அக்காவுக்கு,

சிள்வண்டு கத்த ஆரம்பித்துவிட்டது. இனி வெயில்தான். நீ ரயிலில் மயங்கி விழாமல் இருக்க வேண்டும்.

இங்கே ஊறுகாய்க்குச் சாயம் ஏற்றுகிற சிவப்பு ஷிசோ இலை கசக்குகிற வேலை முடிந்தது. கறுப்புச் சாற்றைப் பிழிந்து கொட்டி, பிளம் தண்ணீர் விட்டதும் குபீரென்று ரத்தச் சிவப்பாக மாறுமே, அதை எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. அத்தை கையுறை போட விடவில்லை. “கையுறை போட்டுக் கசக்குனா ஊறுகாய்க்கு யார் வீட்டுதுன்னு தெரியாது” என்கிறார். இந்த வருட இலை ரொம்பக் காட்டம். என் இரண்டு உள்ளங்கையிலும் சாயம் ஏறிவிட்டது. தேய்த்தாலும் போகவில்லை. மற்ற வருடம் கை முழுக்க ஊதாவாக இருக்கும், இந்தத் தடவை திட்டுத் திட்டாகச் சிவப்பு. எரிச்சல் இல்லை, அரிப்பும் இல்லை.

சோதனைக்குப் போனபோது கிளினிக் நர்ஸ் கையைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள். “பிளம் வீட்டு மருமகள்னு எழுதி ஒட்டவே வேண்டாம் போலிருக்கே!” பிள்ளை நல்ல எடையாம். மார்ச்சில் எடுத்த ரத்தச் சோதனையில் எல்லாமே சுத்தம் என்று முத்திரை குத்தியிருக்கிறது, அதனால் இனி பிரசவம்தான் பாக்கி என்றார்கள்.

தகுமாவின் மாத்திரை தீர்ந்தது. ஈறு சரியாகிவிட்டதாம். மெத்தை மட்டும் அந்தக் கோடியிலேயே இருக்கிறது.

நீ தனியாக என்ன சாப்பிடுகிறாய்? எழுதவே மாட்டேன் என்கிறாய்.

மினோரி


ஒசாகா,
ஜூலை 14

அன்புள்ள மினோரி,

வெயில் இங்கே சுவரில் இருந்து அடிக்கிறது. ரயிலில் மயங்கவில்லை.

கைச் சாயத்துக்குக் காடியில் கொஞ்சம் உப்புப் போட்டுத் தேய். அப்பா ஜூலையில் நம் கையைத் திருப்பிப் பார்ப்பாரே, வெள்ளையாக இருந்தால் வேலை செய்யவில்லை என்று அன்று சோறு மெதுவாகத்தான் வரும். நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு தப்பித்துவிடுவேன், நீ தப்பித்ததில்லை. இப்போதும் தப்பிக்கவில்லை.

என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டாய். கடை மூடுகிற நேரத்தில் பாதி விலைக்குப் போடுகிற பெட்டிச் சோறு. ருசியாகத்தான் இருக்கிறது. மூலையில் ஒரு சின்ன பிளம் வைத்திருப்பார்கள், அது மட்டும் வாயில் வைக்க முடியாது. வெறும் சாயம்.

தொலைபேசியில் பேசலாமே என்று நீ எழுதாமல் இருப்பதற்கு நன்றி. பேசினால் நாம் இருவருமே “ம்” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவோம்.

புறாக் குஞ்சுகள் பார்க்கச் சகிக்கவில்லை. தண்ணீர் வைத்திருக்கிறேன்.

கயோகோ


மினாபே,
ஜூலை 22

கயோகோ அக்காவுக்கு,

உன் காடி வைத்தியம் பலிக்கவில்லை. கையில் ஊறுகாய் வாடைதான் மிச்சம்.

ஒரு வேடிக்கை கேள். நேற்று குளித்துவிட்டுக் கால் துடைக்கும்போது பார்த்தால் உள்ளங்காலிலும் அதே சிவப்பு. வயிறு மறைப்பதால் இத்தனை நாள் கண்ணில் படவில்லை. நான் எப்போது இலையைக் காலால் மிதித்தேன்? அத்தையிடம் காட்டினேன். “தூக்கத்துல எழுந்து போய்த் தொட்டிக்குள்ள ஆடுனியா?” என்று கேட்டார். இருவரும் சிரித்தோம்.

கொஞ்சம் சோர்வாக இருக்கிறது. தொண்டை கரகரப்பு. சீப்பில் முடி அதிகம் வருகிறது. பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் உண்டுதானே. வெயில் வந்ததும் பிளம்மைத் தட்டுகளில் பரப்பப் போகிறோம். இனி மூன்று நாள் வானத்தைப் பார்த்தே கழுத்து சுளுக்கும்.

சாப்பாட்டு நேரத்தில் இங்கே பேச்சு குறைந்துவிட்டது. உன் கடிதம் வந்தால்தான் மேசையில் ஒரு சத்தம். அதனால் சீக்கிரம் எழுது.

மினோரி


ஒசாகா,
ஜூலை 24

மினோரி,

உன் கடிதம் இன்று வந்தது. நின்றபடி படித்தேன். வெயிலைப் பற்றியும் என் நலத்தைப் பற்றியும் பிறகு எழுதுகிறேன்.

உன் கைபேசிக்கு மூன்று முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வீட்டு எண்ணுக்குக் கூப்பிட்டேன். உன் மாமியார் எடுத்தார்.

“அட, கயோகோவா? குரலைக் கேட்டதும் யாரோ செத்துட்டாங்கன்னு நினைச்சுட்டேன். மினோரி தட்டுக்கிட்ட இருக்கா. என்ன சேதி?”

ஒன்றுமில்லை, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் என்றேன்.

“நல்லாத்தான் இருக்கா. காலெல்லாம் சாயம் பூசிக்கிட்டுத் திரியுறா. கூப்பிடச் சொல்லவா?”

சொல்லுங்கள் என்றேன். அவர் பிளம் வீட்டின் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். என் வாயில் இருந்த சொல்லில் பிளம் இருந்தது. வைத்துவிட்டேன். நீ கூப்பிடவில்லை. அவர் மறந்திருப்பார்.

இதைத் தனியாகப் படி. பிளம்மின் நஞ்சைப் பற்றி யோசித்துப் பார். முன்பு எடுத்த சோதனையை நம்பாதே. உடனே போய் ரத்தம் கொடு, கையையும் காலையும் காட்டு. எதற்கு என்று கேட்டால் அக்கா சொன்னாள் என்று சொல். நான் முதல் கடிதத்தில் எழுதியதை நினைத்துப் பார். நான் எழுதியதை நானே மறந்துவிட்டு உனக்குக் காடி சொல்லியிருக்கிறேன்.

சாப்பாட்டு மேசையில் படிக்காதே.

கயோகோ


மினாபே,
ஜூலை 28

கயோகோ அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடம்பு சரியில்லையா உனக்கு? இவ்வளவு சின்னக் கடிதம் நீ எழுதியதே இல்லை.

தனியாகப் படிக்கச் சொன்னாய். தபாலை அத்தைதான் எடுத்தார். என் கை ஈரமாக இருந்ததால் சாப்பிடும்போது அவரே பிரித்துக் கண்ணாடியைத் தேடிப் படிக்க ஆரம்பித்துவிட்டார். என்னால் தடுக்க முடியவில்லை. தான் தொலைபேசியில் பேசியதை நீ எழுதியிருந்ததைப் படிக்கையில் அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். பிறகு பிளம்மின் நஞ்சு என்ற இடம் வந்தது. ஒரு நொடி நின்றார். அப்புறம் ஒரே சிரிப்பு.

“பச்சைப் பிளம்மைக் கடிச்சா நஞ்சுன்னு பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். நாங்க நாலு தலைமுறையா பிளம் வீடு, எங்களுக்கு ஒசாகாவுல இருந்து பாடமா? பிள்ளைத்தாய்ச்சி புளிப்பு கேட்டுப் பச்சைக்காயைத் தின்னுருப்பான்னு பயப்படுறா பாவம். தனியா இருக்கிறவளுக்கு நினைப்பு இப்படித்தான் போகும்.”

நானும் சிரித்தேன். நான் ஒரு பச்சைக்காயையும் தொடவில்லை அக்கா. சத்தியமாக.

தகுமா சிரிக்கவில்லை. குச்சியைக் கீழே வைத்தார். தட்டுகள் நனைகிறதா பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. தட்டுகளை மதியமே உள்ளே எடுத்துவிட்டோம். அவர்தான் எடுத்தார்.

இதை உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

மினோரி


ஒசாகா,
ஜூலை 31

தகுமா அவர்களுக்கு,

வீட்டு முகவரிக்கு அனுப்பாமல் கிடங்கு முகவரிக்கு அனுப்புகிறேன். நலம் விசாரிப்பது முறை. ஈறு நலமா என்று கேட்கிறேன்.

நான் வைத்தியர் இல்லை. ரத்தத்தைப் பார்க்காமல் எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் மினோரியின் கையிலும் காலிலும் இருப்பது ஷிசோ சாயம் இல்லை என்று நினைக்கிறேன். நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்கள். ஒரு மாதம் மூன்று வேளையும் நீங்கள் விழுங்கிய மாத்திரை எதற்கானது என்று எனக்குத் தெரியும். தினமும் நான் அதைப் பற்றித்தான் பேசுகிறேன்.

உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள், இருந்தாலும் எழுதுகிறேன். மார்ச்சில் எடுத்த ரத்தம் மார்ச்சைப் பற்றித்தான் சொல்லும். அதற்குப் பிறகு வந்தது அதில் இருக்காது. சிபிலிஸ் கிருமி தாயிடமிருந்து வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குப் போகும். பிள்ளை உள்ளேயே இறக்கலாம். பிறந்தால் எலும்பிலோ கண்ணிலோ காதிலோ பழுது இருக்கலாம். இப்போதே ஊசி போட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். பிரசவம் நெருங்க நெருங்க அந்தப் “பெரும்பாலும்” சுருங்கிக்கொண்டே போகும். நீங்களும் மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். ஒருமுறை குணமானால் மறுபடி வராது என்று எதுவும் இல்லை. இருவருக்கும் தீர்ந்துவிட்டது என்று வைத்தியர் சொல்லும்வரை சேராதீர்கள். அதற்குப் பிறகும், வெளியே போகிற பழக்கம் இருந்தால் உறை. இதைத் தங்கை கணவரிடம் எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அந்தக் கூச்சத்தில் ஏற்கெனவே ஒரு வாரம் போய்விட்டது.

எங்கே, யாரிடம் என்று நான் கேட்கவில்லை. என் மேசைக்கு வருகிற யாரிடமும் கேட்டதில்லை.

நான் சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். அதற்கு முன் அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். மாவட்ட மருத்துவமனைப் பிரசவப் பிரிவில் பேசியிருக்கிறேன், அன்றைக்கே பார்ப்பார்கள். நீங்கள் முன்னாலேயே அழைத்துப் போனால் இன்னும் நல்லது. சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

கயோகோ


ஒசாகா,
ஆகஸ்ட் 4

மினோரி,

இதைத் தபாலில் போடப் போவதில்லை. நாளை கையில் கொண்டுவருவேன். வாய் வராவிட்டால் இதைத் தருவேன்.

உனக்குச் சிபிலிஸ் இருக்கலாம். தகுமாவிடமிருந்து வந்திருக்கலாம். பிள்ளையைக் காப்பாற்ற ஊசி இருக்கிறது.

மூன்று வரிதான். இதைச் சொல்ல எனக்குச் சம்பளம் தருகிறார்கள். நேற்று ஒரே நாளில் நான்கு பேரிடம் சொன்னேன், குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

தகுமா சொல்லியிருப்பாரா என்று தெரியவில்லை. அவரிடமிருந்து பதில் இல்லை. புறாக் குஞ்சுகள் பறந்துவிட்டன. பால்கனியைக் கழுவிவிட்டேன். இப்போது அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

நாளை என்ன நடக்கும் என்று

ஆகஸ்ட் 5, சனிக்கிழமை.

“எழுதி வச்சிரு அக்கா, இன்னைக்கு எனக்கு எதுவும் மனசுல நிக்காது” என்று நீ சொன்னதால், அதே தாளில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ரயில் நிலையத்தில் யாரும் இல்லை. டாக்ஸியில் வந்தேன். உங்கள் வாசல் முழுக்கத் தட்டுகள், பிளம் காய்ந்துகொண்டிருந்தது. கிடங்கு வாசலில் தகுமா ஏற்கெனவே சுத்தமாக இருந்த கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலை குனிந்தார், தண்ணீரை நிறுத்தவில்லை. நீ தொப்பி போட்டுக்கொண்டு ஒரு தட்டருகே ஒவ்வொரு பழமாகத் திருப்பிக்கொண்டிருந்தாய்.

“வர்றேன்னு சொல்லவே இல்லையே?” என்றாய்.

“தகுமாவுக்கு எழுதியிருந்தேன்.”

“அவர் சொல்லல. ரெண்டு நாளா பக்கத்துல வர்றதும், உப்பு தீர்ந்துருச்சான்னு கேட்டுட்டுப் போறதுமா இருந்தார். வீட்டுல நாலு மூட்டை உப்பு இருக்கு.” இன்னொரு பழத்தைத் திருப்பினாய். “முதல் கடுதாசியில தாண்டிப் போன பத்திய நேத்துதான் எடுத்துப் படிச்சேன்.”

நான் பையைக் கீழே வைத்தேன்.

“இருந்தாலும் நீ சொல்லு. உன் மேசைக்கு வர்றவங்ககிட்ட எப்படிச் சொல்லுவியோ அப்படியே சொல்லு.”

சொன்னேன். தாள் தேவைப்படவில்லை. என் குரல் வேலை நாளின் குரலாகவே இருந்தது. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. நீ அந்த வரிசை முடியும்வரை திருப்பினாய்.

“பிள்ளைக்கு?”

“தெரியாது. இப்பவே ஊசி போட்டா பெரும்பாலும் தப்பிச்சிரும்.”

“பெரும்பாலும்.”

“ஆமா. அதுக்கு மேல சொன்னா பொய்.”

உன் மாமியார் விசிறியோடு வந்தார். “என்ன, அக்காவும் தங்கச்சியும் பிளமுக்குப் பேன் பார்க்குறீங்களா?” என்றவர், நம் முகத்தைப் பார்த்ததும் விசிறியைத் தாழ்த்தினார். கிடங்குப் பக்கம் திரும்பி, “தகுமா! அந்தக் கூடையப் போட்டுட்டு வண்டிய எடு!” என்று கத்தினார்.

நீ பின் இருக்கையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

மருத்துவமனையில் எல்லாருக்கும் கேட்கும்படி உன் முழுப் பெயரைக் கூப்பிட்டார்கள். என் மேசையில் நான் ஒருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நீ “நான்தான்” என்று எழுந்து போனாய்.

முடிவு மதியம் வந்தது. இருக்கிறது. வைத்தியர் சின்னப் பெண், நிதானமாகச் சொன்னாள். கணவரையும் கூப்பிட வேண்டும் என்றாள். “கூப்பிடுங்க. அவரும் கேட்கட்டும்” என்றாய். தகுமா உள்ளே வந்து நின்றார், உட்காரவில்லை. நீங்கள் எப்போது சிகிச்சை எடுத்தீர்கள் என்று அவள் கேட்டாள். “ஜூன்ல” என்றார். நீ திரும்பிப் பார்க்கவில்லை. அவரிடமும் ரத்தம் எடுத்தார்கள்.

ஊசி போட்டார்கள். பால் போலக் கெட்டியான மருந்து. நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய், புள்ளிகள் என் தோலில் அழுந்தின. முதல் ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வரலாம், கருப்பை இறுகலாம், அதனால் இன்று இங்கேயே இருக்கச் சொன்னார்கள். பிள்ளைக்குத் தொற்றியிருக்கிறதா என்பது பிறந்த பிறகு அதற்குச் சோதனை செய்தால்தான் தெரியும். மாலையில் காய்ச்சல் வந்தது. வயிற்றில் கட்டியிருந்த கருவியில் பிள்ளையின் இதயம் வேகமாக, ஒரே சீராகக் கேட்டது. சத்தத்தைக் குறைக்கட்டுமா என்று நர்ஸ் கேட்டாள். வேண்டாம் என்றாய்.

தகுமா வாகன நிறுத்தத்தில் வண்டிக்குள்ளேயே இருந்தார். அவரை வரச் சொல்லவா என்று நான் கேட்டேன். “இன்னைக்கு வேண்டாம்” என்றாய்.

இருட்டுவதற்கு முன் உன் மாமியார் பேருந்தில் வந்தார். துணியில் கட்டிய பொட்டலத்தை உன் மடியில் வைத்து, “சாப்பிடு” என்றார். உட்காரச் சொன்னேன். தட்டுகளை எடுக்கணும், மேகம் இருக்கு என்றார். போகும்போது அந்தக் கருவியின் பக்கம் ஒரு நிமிடம் காது கொடுத்து நின்றார்.

பொட்டலத்தில் இரண்டு சோற்று உருண்டைகள் இருந்தன. நீ முதல் உருண்டையைப் பிட்டாய். செத்தவனுக்குக்கூடப் பிளம் இல்லாமல் வைக்காத வீட்டு உருண்டையின் நடுவில் பிளம் இல்லை, சமைத்த கடற்பாசி இருந்தது. இரண்டாவதிலும் அதுதான். நீ இரண்டையும் சாப்பிட்டாய்.